சாமியாருக்குப் படிக்கப் போனவர்கள்

மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு 1928இல் ரயில் வந்தது. ஏலக்காய் மூட்டைகளை நம்பிப் போட்ட மீட்டர் கேஜ் பாதை அது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குருவாகப் படிக்கப் புறப்பட்ட பையனுக்கும் அந்தப் பாதைதான் ஊரைவிட்டு வெளியே போகும் வழியாயிற்று. அவன் போய்ச் சேர வேண்டிய இடம் கடலுக்கு அப்பால் கண்டியாகவும் இருக்கலாம். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சேர்த்து ஒரு பெரிய குருமடம் வேண்டுமென்று 13ஆம் லியோ திருத்தந்தை 1893இல் கண்டிக்கருகே அம்பிட்டியாவில் ஒன்றை ஏற்படுத்தியிருந்தார். பெல்ஜிய நாட்டு இயேசு சபையினர் அதை நடத்தினார்கள். போடியில் ஏறி, மதுரையில் வண்டி மாறி, பாம்பன் பாலம் தாண்டி, தனுஷ்கோடியில் கப்பலேறி, தலைமன்னாரில் இறங்கி மறுபடியும் ரயில் பிடித்தால் கண்டி மலை. அங்கே தத்துவமும் இறையியலும் இலத்தீனில். வருடங்கள் கழித்து அங்கியோடு திரும்பி வருகிறவனை ஊர் மேளத்தோடு எதிர்கொள்ளும்.

கண்டிக் குருமடம் 1955இல் புனேக்கு மாறிவிட்டது. தனுஷ்கோடியை 1964 டிசம்பர் புயல் கொண்டுபோயிற்று. போடி ரயிலும் அகலப் பாதைக்காக 2010 கடைசியில் நின்று, 2023 ஜூன் மாதம்தான் மறுபடி வந்தது. இன்று குருவாக விரும்பும் பள்ளத்தாக்குப் பையனுக்குக் கப்பல் தேவையில்லை. தேனியிலிருந்து உசிலம்பட்டி வழியாக மதுரைக்குப் போகும் பேருந்தில் ஏறினால் போதும். கருமாத்தூரிலும் குருமடம் இருக்கிறது, மதுரையிலும் இருக்கிறது. இத்தனை அருகில் வந்துவிட்ட பிறகு ஏறுகிறவர்கள் எத்தனை பேர் என்பதுதான் இப்போது பங்குத்தந்தையர் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி.

இந்தப் பள்ளத்தாக்கின் மேற்கு மலையடிவாரத்தில் இருக்கும் பொட்டிப்புரத்தை வெளியுலகம் நியூட்ரினோ ஆய்வகத்தை வைத்து அறியும். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்ததும், அம்பரப்பர் மலையைக் குடையக் கூடாதென்று ஊர்கள் எழுந்ததும் எல்லோரும் படித்த செய்தி. பள்ளத்தாக்கின் கத்தோலிக்கக் கணக்கைப் பார்க்க அங்கிருந்து தென்கிழக்கே வர வேண்டும்: தேவாரம், உத்தமபாளையம் தாண்டி இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி. மாவட்டத்தில் கத்தோலிக்கர் சிறு எண்ணிக்கைதான். ஆனாலும் பனிமய மாதா கோயிலும் புனித அலோசியஸ் பள்ளியும் உள்ள இராயப்பன்பட்டிக்குக் குருக்களையும் கன்னியரையும் தந்த ஊர் என்ற பேர் உண்டு. திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஊர் அது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, இந்த ரகத்தைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தவர் 1832இல் ஒரு பிரெஞ்சுக் குரு என்று பத்திரிகைகள் எழுதின. பூசை ரசத்துக்குக் கொடி நட்டார் என்றால் நம்பலாம்போலத்தான் இருக்கிறது. கொடி நன்றாகப் பிடித்துக்கொண்டது. விவசாயிக்கு லாபமும் நட்டமும் மாறி மாறித் தருகிறது.

நூறு வருடம் முன்பு இந்தப் பள்ளத்தாக்கின் கத்தோலிக்கக் குடும்பத்து ஆண்பிள்ளைக்கு எத்தனை வழிகள் இருந்தன? மறைமாவட்டக் குரு. இயேசு சபைக் குரு. குருப்பட்டம் பெறாத துறவிச் சகோதரர். ஊரில் இருந்துகொண்டே உபதேசியார். மீதிப்பேர் கல்யாணம் செய்து காட்டைப் பார்த்தார்கள். அதை யாரும் தேவ அழைத்தல் என்று சொல்லவில்லை. பிரசங்கத்தில் சாமியாரும் கன்னியரும் மேல்படி, குடும்பஸ்தன் கீழ்ப்படி என்றே கேட்டு வளர்ந்த தலைமுறை அது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல், புனிதராவதற்கான அழைப்பு எல்லோருக்கும் பொது என்று எழுதி வைத்தது. குடும்பஸ்தனும் அழைக்கப்பட்டவனே என்று அதற்குப் பின்புதான் பீடத்திலிருந்து கேட்க ஆரம்பித்தது. திருவிதாங்கூர் அரண்மனையில் வேலை பார்த்த தேவசகாயம், மணமானவர், 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று 1752இல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொல்லப்பட்டவர், 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர் அவர். குடும்பஸ்தன் ஒருவனுக்குக் கிடைத்த அந்த இடம் வந்துசேர 270 வருடம் ஆகியிருக்கிறது.

பையனைக் கண்டுபிடிக்கும் விதமும் மாறிவிட்டது. அன்று பூசை உதவி செய்யும் சிறுவர்களில் ஒருவன்மேல் சாமியாரின் கண் படும். இலத்தீன் பதிலுரைகளைத் தமிழ் எழுத்தில் எழுதி, பொருள் தெரியாமலே மனப்பாடம் செய்து தடங்கலில்லாமல் ஒப்பிக்கிற பையன். விடியற்காலை மணிக்கு முன்பே வந்து நிற்கிற பையன். சாமியார் ஒருநாள் வீட்டுத் திண்ணைக்கு வந்து தகப்பனாரிடம் பேசுவார். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் சிறு குருமடம். வீட்டில் ஐந்தாறு பிள்ளைகள் இருந்த காலம். ஒருவனைக் கோயிலுக்குக் கொடுப்பது காணிக்கை. கூடவே, உண்மையைச் சொன்னால், ஒரு வயிற்றுக்கு நல்ல சோறும் ஒரு தலைக்கு நல்ல படிப்பும். பக்தியையும் வறுமையையும் பிரித்துப் பார்க்க அந்தத் தாய்க்குத் தேவையும் இருக்கவில்லை, நேரமும் இருக்கவில்லை.

இன்று சிறு வயதில் கூட்டிப்போவது அநேகமாக நின்றுவிட்டது. பிளஸ் டூ முடித்த பின்போ கல்லூரிப் பட்டம் வாங்கிய பின்போதான் சேர்க்கிறார்கள். மே மாத விடுமுறையில் இறையழைத்தல் முகாம் நடக்கிறது. ஒவ்வொரு சபையும் தனித்தனியே துண்டறிக்கை அச்சிட்டு, வாட்ஸ்அப்பில் அழைப்பு அனுப்புகிறது. பாஸ்கா காலத்து நான்காம் ஞாயிறு, நல்லாயன் ஞாயிறு, உலகமெங்கும் இறையழைத்தலுக்காக வேண்டும் நாள். திருத்தந்தை ஆறாம் பவுல் 1964இல் தொடங்கி வைத்தது. அன்றைக்குக் கோயிலில் கேட்கும் மன்றாட்டு வருடத்துக்கு வருடம் கொஞ்சம் அவசரம் கூடிக்கொண்டே வருகிறது. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தி சராசரியாகப் பெறும் பிள்ளைகள் 1992–93இல் 2.5, 2019–21இல் 1.8. இருக்கும் ஒரே மகனைக் கேட்டு முகாம் துண்டறிக்கை வீட்டுக்கு வரும்போது தகப்பன் அதை மடித்து வைத்துவிடுகிறார் என்றால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படிப்புக்கு இப்போது தேனியைச் சுற்றியே கல்லூரிகள் இருக்கின்றன. படித்தவனுக்குக் கோயம்புத்தூரும் சென்னையும் இருக்கின்றன. ஏழைப் பையன் மேலேற ஒரே ஏணியாக இருந்த குருமடம் பல ஏணிகளில் ஒன்றாகிவிட்டது. அதனால் இன்று உள்ளே போகிறவன் அன்றைய பையனைவிடத் தெரிந்து, தானாகத் தேர்ந்து போகிறான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

திரும்பி வந்தவர்களையும் மறக்கக்கூடாது. அன்று குருமடத்தை விட்டு வந்தவன் ஊருக்குள் இரவில்தான் இறங்குவான். “சாமியாருக்குப் படிச்சுட்டு வந்தவன்” என்ற பேர் பெண் பார்க்கப் போகும் இடம்வரை துரத்தும். ஆனால் பள்ளத்தாக்கின் நல்ல ஆங்கில வாத்தியார்களிலும் தலைமையாசிரியர்களிலும் பலர் அப்படி வந்தவர்களே; இலத்தீன் இலக்கணம் அவர்களை வேறு எதற்கும் தகுதியாக்கியிருந்தது. இன்று திரும்பி வருகிறவனை அம்மா பேருந்து நிலையத்துக்கே போய்க் கூட்டி வருகிறாள். முன்னாள் மாணவர் சந்திப்புக்கு அழைப்பு வருகிறது, குடும்பத்தோடு போய்ப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

படிப்பின் நீளம் குறையவில்லை. பிளஸ் டூவுக்குப் பின் பத்துப் பன்னிரண்டு வருடம். இயேசு சபை என்றால் இன்னும் கூடும். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் குருப்பட்டத்துக்கு 24 வயது நிறைய வேண்டும் என்றது. 1983ஆம் ஆண்டுச் சட்டம் 25 என்கிறது. 2016 டிசம்பரில் ரோம் வெளியிட்ட பயிற்சி விதிகள் தத்துவப் படிப்புக்கு முன் ஒரு தயாரிப்பு ஆண்டைக் கட்டாயமாக்கின. இடையில் இருந்த படிகள்தாம் போய்விட்டன. முன்பு உச்சிமயிர் கத்தரிக்கும் சடங்கில் தொடங்கி, வாயில்காப்போர், வாசகர், பேயோட்டுபவர், பீடப் பணியாளர் என்று நான்கு சிறு பட்டங்கள், பிறகு துணைத் தியாக்கோன், தியாக்கோன், கடைசியில் குரு. இந்த வரிசையை மனப்பாடமாகச் சொல்லும் முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆறாம் பவுல் 1972 ஆகஸ்ட் 15 அன்று மயிர்கத்தரிப்பையும் சிறு பட்டங்களையும் துணைத் தியாக்கோன் பட்டத்தையும் நீக்கினார். வாசகர், பீடப் பணியாளர் என்ற இரண்டும் பட்டம் என்ற நிலையிலிருந்து இறங்கிப் பணிகளாக நின்றன, பொதுநிலை ஆண்களுக்கும் திறந்தன. 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் அவற்றைப் பெண்களுக்கும் திறந்தார்.

அன்றைய வாசலில் காவல் எப்படி இருந்தது என்பதைப் பார்த்தால்தான் இன்று திறந்திருப்பதன் அளவு தெரியும். 1917 சட்டத்தின்படி முறையான திருமணத்துக்கு வெளியே பிறந்தவனுக்குத் தனி விலக்கு இல்லாமல் பட்டம் இல்லை. பீடத்தில் நிற்கவோ கையாளவோ தடையாகும் உடற்குறை இருந்தாலும் இல்லை. பெற்றோர் கத்தோலிக்கரல்லாமல் இருக்கும்வரை மகனுக்கும் தடை. 1983 சட்டத்தில் இந்த மூன்றும் இல்லை. எழுதிய காவல் இவை. எழுதாத காவல் ஒன்றும் நம்மூரில் இருந்தது: சாதி. இயேசு சபையின் மதுரை மிஷன் தொடக்கத்திலிருந்தே அதோடு சமரசம் செய்துகொண்டு வளர்ந்தது. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி பிராமண சந்நியாசிபோல வாழ்ந்தார். பிற்பாடு மற்றச் சாதியாருக்கென்று பண்டாரசாமிகள் என்ற இன்னொரு வகை ஏற்பட்டது. குருக்களே சாதிக்கு ஏற்ப இரண்டு கோலத்தில் நடந்த நாடு இது. கோயிலுக்குள் சுவர் கட்டிப் பிரித்த ஊர்களில் தலித் பையனுக்குக் குருமடக் கதவு எப்படித் திறந்திருக்கும்? இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, நாட்டின் 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்று கணக்குச் சொன்னது. தலைமையிடங்களில் அவர்கள் பங்கு மிகக் குறைவு என்றும் ஒப்புக்கொண்டது. ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா 2022 ஆகஸ்டில் கர்தினாலானபோது, தலித்துகளிலிருந்து வந்த முதல் கர்தினால் என்று எழுதினார்கள். இன்றைய குருமட வகுப்பறையில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். படிப்பு முடிந்து எந்தப் பங்குக்கு யாரை அனுப்புவது என்று பேசும்போது பழைய பேச்சு எங்காவது எட்டிப் பார்க்காமல் இல்லை. இருந்தாலும் அன்றைக்கும் இன்றைக்கும் நடுவே பெற்றதில் பெரியது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். இலத்தீன் போனதற்காக வருந்துகிறவர்கள் இதையும் அந்தத் தட்டில் வைத்து எடைபோட வேண்டும்.

குருக்கள் வந்த திசையும் மாறிவிட்டது. 1773இல் கலைக்கப்பட்ட இயேசு சபை மீண்டெழுந்த பிறகு, 1830களின் கடைசியில் பிரெஞ்சுக் குருக்கள் மதுரை மிஷனுக்குத் திரும்பினார்கள். பிறகு துலூஸ் மாநிலத்திலிருந்து கப்பல் கப்பலாக வந்தார்கள். பலர் சில வருடங்களிலேயே காய்ச்சலிலும் காலராவிலும் போய்ச் சேர்ந்தார்கள். 1895 இந்தப் பள்ளத்தாக்குக்குப் பெரியாறு அணையின் வருடம். அதே வருடம் வடக்கே கொடைக்கானல் மலையில், செண்பகனூரில், இயேசு சபையின் பயிற்சி இல்லம் திறக்கப்பட்டது. அங்கிருந்துகொண்டு ஆங்லாத் போன்ற குருக்கள் பழனி மலைத் தாவரங்களைச் சேகரித்து ஓவியமாக வரைந்து வைத்தார்கள். பூ வரைவதும் அந்த வாழ்க்கைக்குள் ஒரு வழியாக இருந்தது. 1938இல் மதுரை தனி மறைமாவட்டமானபோது முதல் ஆயர் ஜான் பீட்டர் லெயோனார் பிரெஞ்சுக்காரர், இயேசு சபையினர். அவருக்குப் பின் 1967இல் வந்த ஜஸ்டின் திரவியம் தமிழர். இன்று கதை தலைகீழ். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் இத்தாலியிலும் ஆளில்லாப் பங்குகளைத் தமிழ்க் குருக்கள் நடத்துகிறார்கள். 1965இல் உலகமெங்கும் 36,000 பேருக்கு மேலிருந்த இயேசு சபையினர் இப்போது ஏறக்குறைய 14,000. அதில் நால்வருக்கு ஒருவருக்கு மேல் தெற்காசியர். அன்று பள்ளத்தாக்குக்கு வந்த வெள்ளைக்காரச் சாமியார் மொழி தெரியாமல் திணறியதைப் பாட்டிமார் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். பவேரியக் கிராமத்துப் பாட்டியொருத்தியும் இன்று நம் பையனின் ஜெர்மன் உச்சரிப்பைப் பற்றி அப்படியே சொல்லிக்கொண்டிருப்பாள்.

சகோதரர்களின் கதை இதைவிட மெல்லியது. அதிகம் பேசப்படாதது. பூசை வைக்க மாட்டார், பாவசங்கீர்த்தனம் கேட்க மாட்டார். கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் மூன்றும் வாக்குகளாக உண்டு. பள்ளிக்கூடம், தச்சுப் பட்டறை, அச்சுக்கூடம், தோட்டம், விடுதிச் சமையலறை எல்லாம் அவர் பாடு. அயர்லாந்தின் பேட்ரிக் சகோதரர்கள் 1875இல் சென்னைக்கு வந்தார்கள். கௌசானல் அடிகளார் 1903இல் பாளையங்கோட்டையில் திருஇருதயச் சகோதரர் சபையைத் தொடங்கினார். தமிழ் மண்ணிலேயே முளைத்த சபை அது. 1906 ஜனவரியில் சலேசியர் தஞ்சாவூருக்கு வந்தபோது தொழில் கற்பிக்கும் சகோதரர்களும் அந்த வழியோடு வந்தார்கள். 1963இல் அன்னை தெரசா தம் சபைக்குச் சகோதரர் பிரிவு ஒன்றையும் சேர்த்தார். வழிகள் கூடிக்கொண்டே போயின. நடக்கிறவர் குறைந்துகொண்டே வந்தார்கள். வத்திக்கான் கணக்கில் 2022இல் 49,414 ஆக இருந்த துறவிச் சகோதரர்கள் 2023இல் 48,748. குருமட மாணவர்கள் 1,08,481 ஆக இருந்தவர்கள் 1,06,495. ஆப்பிரிக்காவைத் தவிர எல்லாக் கண்டங்களிலும் சரிவு, ஆசியாவும் சேர்த்து. சகோதரருக்கு வந்த கேடு எண்ணிக்கையால் மட்டும் வந்ததல்ல. “சாமியார் ஆகலையா?” என்று ஊர் கேட்கும் கேள்விக்கு அவரிடம் பதில் இருந்தது, ஊருக்குத்தான் அது காதில் ஏறவில்லை. தச்சுக்கும் அச்சுக்கும் இப்போது சம்பளத்துக்கு ஆள் கிடைக்கிறார்கள் என்பது இன்னொரு காரணம்.

தனிமை தேடுகிறவனுக்கும் அன்று இங்கே இடமில்லை. யாழ்ப்பாணம் தோலகட்டியில் 1928இல் தாமஸ் அடிகளார் தொடங்கிய செபமாலைத் தாசர் மடம் தமிழில் தியான வாழ்க்கைக்குக் கிடைத்த பழைய இடங்களில் ஒன்று. குளித்தலைக்கருகே தண்ணீர்ப்பள்ளியில் மோன்ஷனேனும் லெ சோவும் 1950இல் காவிரிக்கரையில் தொடங்கிய சாந்திவனம் இன்னொன்று. 1968இல் அங்கே வந்த பீட் கிரிஃபித்ஸ் 1993இல் மறையும்வரை உலகின் பல மூலையிலிருந்தும் ஆட்கள் வந்து போனார்கள். காவி கட்டிய இந்த வழியில் உள்ளூர்ப் பையன்கள் அதிகம் போகவில்லை. காவி நமக்குப் புதிதில்லை அல்லவா. வெளியிலிருந்து வந்தவர்களுக்குத்தான் அதில் வெளிச்சம் தெரிந்தது.

நான் அதிகம் நின்று பார்க்க விரும்புவது உபதேசியாரை.

மதுரை மிஷனை நடத்தியவர்கள் குருக்கள் என்று சரித்திரப் புத்தகம் எழுதும். குருக்கள் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்தார்கள். ஒருவருக்குப் பல நாள் நடைதூரத்துக்குப் பரந்த கிராமங்கள். ஒரு ஊருக்கு வருடத்தில் ஒருமுறை, இரண்டுமுறை வருவார். மற்ற நாட்களில் ஊரின் வேதம் உபதேசியார் கையில். மணமானவர், பிள்ளைகுட்டிக்காரர், கொஞ்சம் நிலமோ நாட்டு வைத்தியமோ தெரிந்தவர். ஞாயிற்றுக்கிழமை சனத்தைக் கூட்டிச் செபம் சொல்வார். பிள்ளைகளுக்கு மந்திரமும் ஞானோபதேசமும் சொல்லிக் கொடுப்பார். சாகக் கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பார். தவசு காலத்தில் சிலுவைப்பாதை நடத்துவார். பிணத்தை அடக்கம் செய்வார். கல்யாண ஓலை வாசிக்கும் முன் இரு வீட்டு உறவையும் விசாரித்து வைப்பார். சண்டை தீர்ப்பார். சாமியார் வந்து இறங்கியதும் யார் யாருக்கு என்ன பாக்கி என்ற கணக்கை ஒப்பிப்பார். 1686இல் இயேசு சபைக் குரு அருளானந்தரைப் பிடித்துச் சித்திரவதை செய்தபோது அவரோடு உபதேசிமாரும் அடிபட்டார்கள். அவர் பேர் பீடத்தில் ஏறியது. அவர்கள் பேர்களைத் தேடித்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

மலையடிவார ஊர்களுக்கும் ஏலத்தோட்டக் குடியிருப்புகளுக்கும் இந்த மனிதரே கோயிலாக இருந்தார். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியே மலையேறிப் பிழைத்த சனங்களில் கத்தோலிக்கர் நாலு குடும்பம் இருந்தாலும், அவர்களைத் தேடிப் போக ஆள் வேண்டும். சாமியாரால் எல்லா இடத்துக்கும் போக முடியாது.

இந்த வழி எப்போது மங்கியது என்று ஒரு தேதி சொல்ல முடியாது. சாலை வந்தது, பேருந்து வந்தது, சாமியார்கள் பைக்கில் ஒரே ஞாயிற்றில் மூன்று ஊருக்குப் போய் வந்தார்கள். தமிழ்ப் பூசை வந்ததும் சனங்கள் தாங்களே பதில் சொன்னார்கள், தாங்களே வாசித்தார்கள். கன்னியர் மறைக்கல்வியை ஏற்றுக்கொண்டார்கள். பள்ளிக்கூட வாத்தியாருக்கு அரசு சம்பளம் வந்தபோது, வாத்தியாரும் உபதேசியாருமாக ஒரே ஆள் இருந்தது பிரிந்துபோயிற்று. வாத்தியாராகப் போனவனுக்கு ஓய்வூதியம் வரை கிடைத்தது. உபதேசியாராக நின்றவனுக்குப் பங்கு கொடுப்பதுதான் சம்பளம். அவர் மகன் அந்த வேலைக்கு வர விரும்பாததில் ஆச்சரியமில்லை. அந்த இடத்தைப் பிற்பாடு மரியாயின் சேனையும் வின்சென்ட் தே பவுல் சபையும் அன்பியங்களும் துண்டு துண்டாகப் பங்கிட்டுக்கொண்டன. இவற்றால் பெண்களுக்குப் பேச இடம் கிடைத்தது என்பது சின்ன லாபம் இல்லை. அன்றைய உபதேசியார் காலத்தில் பெண்குரல் பாட்டுக்கு மட்டும்தான். ஆனால் நடுராத்திரி சாவு விழுந்த வீட்டுக்கு முதலில் யார் வருவார் என்று கேட்டால், அன்று ஒரு பேர் உடனே வரும். இன்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், ரோம் இப்போது அந்த ஆளைத் தேடுகிறது. 2021 மே மாதம் பிரான்சிஸ் வேதியர் பணியை, அதாவது உபதேசியார் வேலையை, ஒரு நிலையான திருப்பணியாக நிறுவினார். 2022 ஜனவரி 23 அன்று பேதுரு பேராலயத்தில் உலகின் பல பகுதியிலிருந்து வந்த ஆண்களையும் பெண்களையும் தாமே அந்தப் பணியில் அமர்த்தினார். நம் ஊரில் மூன்று நூற்றாண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு அப்போதுதான் சடங்கு கிடைத்தது. இதற்கு முன்பே இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. 1967இல் ஆறாம் பவுல் நிலையான திருத்தொண்டர் (தியாக்கோன்) பட்டத்தை மீட்டுத் தந்தார். 35 வயது நிறைந்த மணமான ஆண், மனைவியின் சம்மதத்தோடு, திருநிலைப்படுத்தப்படலாம். ஞானஸ்நானம் கொடுக்கலாம், கல்யாணம் நடத்தி வைக்கலாம், அடக்கம் செய்யலாம், பிரசங்கம் செய்யலாம். உபதேசியார் செய்தவற்றோடு கொஞ்சம் கூட, அதுவும் பட்டத்தோடு. 2023 கணக்கில் உலகத்தில் இவர்கள் 51,433 பேர், வருடத்துக்கு வருடம் கூடுகிற எண்ணிக்கை. பெரும்பாலானவர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்கக் கண்டங்களிலும். இந்தியாவில் மும்பை போன்ற ஓரிரு இடங்களைத் தவிர இதைக் கையில் எடுக்கவில்லை. குருக்கள் போதுமான அளவு இருக்கிறார்கள், தேவையில்லை என்பது வழக்கமாகச் சொல்லும் காரணம். முகாமில் ஒரு பேச்சும் இங்கே ஒரு பேச்சுமாக இருக்கிறதே என்று கேட்கத் தோன்றுகிறது.

இன்றைய பள்ளத்தாக்குப் பையன் முன்னால் துண்டறிக்கையை விரித்தால் இருபது முப்பது சபைகளின் பேர் இருக்கும். மறைமாவட்டக் குரு ஆகலாம். இயேசு சபை, சலேசியர், கப்புச்சின், கார்மேல், இரட்சகர் சபை என்று போகலாம். 1941இல் காசியில் தொடங்கிய இந்திய மறைபோதகச் சபைபோல வடக்கே போகும் சபைகளிலும் சேரலாம். சிறையிலோ மருத்துவமனையிலோ ஊடகத்திலோ வேலை செய்கிற சகோதரராகலாம். அவனுடைய பாட்டனுக்கு இவ்வளவு பேர் தெரியவே தெரியாது. பாட்டனுக்குத் தெரிந்திருந்த ஒன்று மட்டும் அந்தத் துண்டறிக்கையில் இல்லை: கல்யாணம் செய்துகொண்டு, சொந்த ஊரில் இருந்துகொண்டு, கோயிலின் முழுநேர ஆளாக வாழும் வழி. ஏலத்தோட்டத்துக்கு விடியலில் ஜீப் ஏறும் ஒரு முப்பத்தைந்து வயதுக்காரனுக்குச் செபம் நடத்தும் வரம் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை வாசகம் வாசிப்பதோடு அது முடிந்துவிடுகிறது.

அந்த வழியை மறுபடி திறக்க வேண்டுமென்றால் ரோமிலிருந்து வரும் புதிய ஆணை எதுவும் தேவைப்படாது. சட்டம் எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. அவனுக்கு ஒரு வருடம் விவிலியம் சொல்லிக் கொடுக்க ஒரு இடம் வேண்டும். ஏலத்தோட்டக் கூலிக்குக் குறையாத சம்பளம் மாதந்தவறாமல் வேண்டும். அவன் பிரசங்கம் வைக்கும் ஞாயிற்றில் பங்குத்தந்தை முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்கச் சம்மதிக்க வேண்டும். மூன்றாவதுதான் எளிதில் கிடைக்காதென்று நினைக்கிறேன்.